கோலப் போட்டிக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள்

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கமோ தளி சாலைப் பக்கமோ ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்து அசோசியேஷன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெரும்பாலும் மூன்று ஆண் பெயர்கள் இருக்கும். நான்காவதாக ஒரு பெண் பெயர் இருந்தால் அவர் கலாச்சாரச் செயலாளர். பொங்கலுக்குக் கோலப் போட்டி, மகளிர் தினத்துக்கு கேக், இவை அவர் பொறுப்பு. கணக்குப் புத்தகம் அவர் கைக்கு வராது.

குடியிருப்போர் கமிட்டி சின்ன விஷயம், அதில் என்ன பெண்ணியம் என்று கேட்பவர்கள் உண்டு. அரசாங்கம் நம் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுவிடும். கமிட்டி லிஃப்ட்டுக்குள்ளும் வரும். மெயின்டெனன்ஸ் எவ்வளவு, எந்த டேங்கர், எங்கே கேமரா, யார் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவரப்பட்ட மாவட்டம் இது. டேங்கர் தண்ணீரில் வேகவைத்த பருப்பு எப்படி இருக்கிறது, குழாயில் எத்தனை மணிக்குக் காற்று வருகிறது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? காலையில் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் இரவு திரும்புகிறவருக்கா?

ஆனால் ஓட்டு அவருக்குத்தான், கிரயப் பத்திரம் அவர் பெயரில் இருப்பதால். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்ட மண் இது. மத்திய அரசு 2005-இல் செய்ததை 1989-இலேயே சட்டமாக்கிய மாநிலம். அப்படியும் ஈ.எம்.ஐ. இருவர் சம்பளத்தில் போகும், பத்திரம் ஒருவர் பெயரில் இருக்கும். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்லதுதான். ஆனால் 10 லட்சத்துக்கு ஓசூரில் எங்கே ஃபிளாட் கிடைக்கிறது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமும் 'உரிமையாளர்' என்ற சொல்லைச் சுற்றியே நிற்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அந்த வீட்டில் இருபது வருஷம் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால் அந்த எண்ணிக்கையிலும் இல்லை.

உரிமையாளரின் மனைவிக்கே இந்த நிலை என்றால் வாடகைக்கு இருக்கும் பெண்களைக் கேட்கவே வேண்டாம். இந்த மாவட்டத்துத் தொழிற்சாலைகள் பெண் கைகளை நம்பி வளர்கின்றன. போச்சம்பள்ளி ஆலையில் 10,000 பெண்களை வேலைக்கு வைப்போம் என்று 2021-இல் ஓலா எலெக்ட்ரிக் அறிவித்தது. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. நீதிமன்றம் திறந்த கதவைக் கமிட்டி பத்து மணிக்குப் பூட்டுகிறது. 'பேச்சிலர் பெண்களுக்கு வீடு இல்லை', 'ஆண் விருந்தினர் கூடாது' என்று தீர்மானம் போடுகிறவர்கள், அந்தப் பெண்கள் பொருத்திய உதிரிபாகத்தால் ஓடும் வண்டியில்தான் வீடு திரும்புகிறார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இன்னும் ஒரு படி கீழே. அவர்களுக்குத் தனி லிஃப்ட், போகும்போது பை சோதனை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. வீட்டு வேலை செய்பவர் மாவட்ட உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். பிளம்பர் நம்பரும் கேபிள்காரர் நம்பரும் ஒட்டியிருக்கும் பலகையில் அந்தக் குழுவின் நம்பரை ஒட்டிய கமிட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

"பெண்கள் முன்வருவதில்லையே" என்பார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? வாரத்திலேயே அடுப்பு அதிகம் எரியும் நேரம் அது. 45 வார்டு கொண்ட ஓசூர் மாநகராட்சியின் முதல் தேர்தல் 2022-இல் நடந்தபோது உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்பது சட்டமாகிவிட்டிருந்தது. கவுன்சிலர் நாற்காலியில் கணவர் உட்காரும் கூத்து பல ஊர்களில் நடக்கிறது, மறுக்கவில்லை. அசோசியேஷனில் அந்தக் கூத்துக்குக்கூடத் தேவை வரவில்லை. நான் படித்த பைலா எதிலும் பெண்ணுக்கென்று ஒரு நாற்காலி இல்லை.

பைலா வேதம் அல்ல. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் என்றால், நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் போட்டு அதை மாற்றலாம். கமிட்டியில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். பொருளாளர் பதவி ஒரு முறை ஆணுக்கென்றால் அடுத்த முறை பெண்ணுக்கு. பத்திரத்தில் பெயர் இல்லாத துணைவருக்கும் ஓட்டு. வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கமிட்டியில் இடம். உரிமையாளர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், மெயின்டெனன்ஸ் பணத்தில் அவர்கள் வாடகையும் இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்களைப் பற்றிய எந்த விதியையும் அவர்களை உட்காரவைத்துப் பேசாமல் நிறைவேற்றக் கூடாது.

அடுத்த பொதுக்குழு அறிவிப்பு வரும்போது இதை எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் செயலாளரிடம் கையெழுத்து கேளுங்கள். கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். கோலமாவுக்கு எவ்வளவு செலவானது என்று அவர்கள் படிக்க ஆரம்பித்தால், டேங்கருக்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.