சிவப்பு வாக்ஸல்களின் கணக்கு

தலையில் லேசாக அடிபட்ட ஒருவர். வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை. மறதியும் தலைசுற்றலும் மட்டும் மாதக்கணக்கில் விட்டபாடில்லை. மூளை இழைகளில் நீர் பரவுவதைக் காட்டும் டி.டி.ஐ. எடுக்கிறார்கள். அந்தப் பரவலின் திசைச்சார்பை எண்ணாகத் தரும் அவருடைய எஃப்.ஏ. படத்தை நலமாக இருக்கும் பத்துப் பேரின் படங்களோடு ஒப்பிட்டு, இசட் மதிப்பு மூன்றைத் தாண்டிய வாக்ஸல்களுக்கெல்லாம் சிவப்பு பூசுகிறார்கள். இந்த இதழுக்கு வரும் கட்டுரைகளில் இப்படிப்பட்ட படங்கள் பெருகிவிட்டன. அந்தச் சிவப்பில் நோயாளியின் காயம் எவ்வளவு, நம் கணக்கின் கோளாறு எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இசட் அட்டவணைப்படி, இரு பக்கமும் சேர்த்து மூன்றைத் தாண்டும் வாய்ப்பு 0.27 சதவீதம். வெண்பொருளில் ஒரு லட்சம் வாக்ஸல் என்று வைத்துக்கொண்டால் 270. ஆனால் அந்த அட்டவணை, சராசரியும் திட்டவிலக்கமும் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேரிடம் கிடைத்த இரண்டுமே உத்தேச எண்கள்தான். கிராஃபோர்டும் ஹோவெல்லும் 1998இல் நரம்பியல் உளவியலுக்குக் கொண்டுவந்த டி சோதனை இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேர் என்றால் திட்டவிலக்கத்தை 1.1இன் வர்க்கமூலத்தால் பெருக்கிவிட்டு, அதனால் விலகலை வகுக்க வேண்டும். பார்க்க வேண்டியது 9 சுதந்திரப் பாகைக்கான டி அட்டவணை. அப்போது அதே எல்லையைத் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 1.9 சதவீதம். மூளையில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் சராசரியாக 1,900 வாக்ஸல் சிவக்கும். அவை தூவிவிட்டதுபோல் சிதறியும் இருக்காது. அக்கம்பக்கத்து வாக்ஸல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பவை, அதிலும் படத்தை மென்மையாக்கிய பிறகு. ஆகவே திட்டுத்திட்டாகச் சேர்ந்து, அசல் காயம் போலவே தெரியும்.

கட்டுரையாளர்களிடம் இதைக் கேட்டு எழுதினால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நலமானவர்களையும் இதே கணக்கில் போட்டுப் பார்த்தோம், ஒருவருக்கும் சிவக்கவில்லை." சிவக்க வழியே இல்லை. குழுவில் இருக்கும் ஒருவரின் மதிப்பு எவ்வளவு விலகினாலும், அது சராசரியைத் தன் பக்கம் இழுத்து, திட்டவிலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிடுகிறது. பத்துப் பேர் குழுவில், குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு வரக்கூடிய உச்ச இசட் மதிப்பு 2.85. எல்லையை மூன்றில் வைத்த அன்றே ஒப்பீட்டாளர் பத்துப் பேரும் தப்பித்துவிட்டார்கள். இருபது பேர் என்றாலும் உச்சம் 4.25தான். வெளியிலிருந்து வரும் நோயாளிக்கு இந்தக் கூரை கிடையாது. இந்த ஓரவஞ்சனையை லேசான மூளைக்காய ஆய்வுகளில் வாட்ஸ் குழுவினர் 2014இல் எடுத்துக்காட்டினார்கள். மேயர் குழுவினர் அதே ஆண்டில் இசட் மதிப்பைத் திருத்தும் வழியையும் சொன்னார்கள். பத்தாண்டு கடந்தும் பழைய கணக்கே வந்துகொண்டிருக்கிறது.

வயது, ஸ்கேனர், தலை அசைவு ஆகிய மூன்றும் எஃப்.ஏ.யை மாற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் அறுபது வயது நோயாளியை இருபத்தைந்து வயது மாணவர்களோடு ஒப்பிட்ட கட்டுரை இன்னமும் வருகிறது. அது அளப்பது முதுமையை.

எஃப்.ஏ. குறைந்தால் சேதம், குறையாவிட்டால் நலம் என்ற வாசிப்பும் எனக்கு உறுத்துகிறது. 2001இல் பியர்பாவோலி குழுவினர், பக்கவாதத்துக்குப் பின் சிதைந்துவரும் கார்டிகோஸ்பைனல் பாதையைப் பின்தொடர்ந்தார்கள். நடுமூளையின் காம்புப் பகுதியில் எஃப்.ஏ. தெளிவாகக் குறைந்திருந்தது. அதே பாதை சற்றுக் கீழே, பான்ஸின் மேற்பகுதியில், குறுக்கே ஓடும் இழைகளோடு கலக்கும் இடத்தில் மாற்றம் ஏறக்குறைய தெரியவே இல்லை. சிதைந்தது ஒரே பாதை; வாக்ஸலுக்குள் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இரண்டு கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் ஒன்று மட்டும் தேய்ந்தால், எஃப்.ஏ. அதிகரிக்கவும் வாய்ப்புண்டு.

தனி நோயாளிக்கு வாக்ஸல் வாரியாகத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அறிகுறிகளை வைத்து நாலைந்து பாதைகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, அவற்றின் சராசரியை மட்டும் சோதிப்பது மேல். லட்சம் சோதனைகள் ஐந்தாகச் சுருங்கிவிடும். சின்னஞ்சிறு காயம் சராசரியில் கரைந்துபோகும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதை ஏற்றுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் அமெரிக்காவில் இந்தப் படங்கள் இழப்பீட்டு வழக்குகளில் சாட்சியமாகவே போகின்றன. லேசான மூளைக்காயத்தில் தனி நோயாளிக்கு இதை அன்றாடம் பயன்படுத்தச் சான்று போதாது என்று அங்குள்ள ரேடியாலஜி வல்லுநர் குழுவே 2015இல் எழுதியிருக்கிறது.

அடுத்த இதழ் முதல், தனி நோயாளியின் டி.டி.ஐ. ஒப்பீட்டோடு வரும் கட்டுரைகளில் ஓர் அட்டவணை கட்டாயம். ஒப்பீட்டாளர் ஒவ்வொருவரையும் குழுவிலிருந்து விலக்கி, மீதிப் பேரோடு ஒப்பிட்டு, அவருக்கு எத்தனை வாக்ஸல் சிவந்தது என்று தர வேண்டும். நோயாளியின் எண்ணிக்கை அந்த வரிசையில் எங்கே விழுகிறது என்பதும் அதிலேயே வேண்டும். வயதும் ஸ்கேனர் விவரமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தேவை. குழு சிறியது என்பதற்காக மட்டும் எந்தக் கட்டுரையையும் திருப்பி அனுப்பமாட்டோம். இப்போது பரிசீலனையில் இருக்கும் கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கும் இதே அட்டவணையைக் கேட்டுக் கடிதம் போகும்.