வரிக்கு ஒரு பெயர்

எங்கள் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஒரு கதிரில் இழை அறுந்தால் மற்றக் கதிர்கள் நிற்பதில்லை. தொழிலாளி வந்து இழையை ஒட்டிவிட்டு நகர்வார். ஒரே கணக்கைப் பல கணிப்பொறிகள் பங்கிட்டுச் செய்யும் இணைக்கணிப்பில் இந்தச் சலுகை கிடையாது.

2004இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம், இரட்டைச் செயலி கொண்ட 144 கணிப்பொறிகளைப் பிணைத்து ‘கப்ரு’ என்னும் கிளஸ்டரை இயக்கியது. அது விநாடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்தது. உலகின் முதல் 500 கணிப்பொறிகளின் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தப் பட்டியலைப் பலரும் பேசினர். இத்தகைய அமைப்புகளின் உயிர்நிலையோ வேறொரு பட்டியலில் இருப்பதாக நாம் கருதுகிறோம். எந்தெந்தக் கணிப்பொறி, அதில் எத்தனை பங்கு வேலை என்று வரிக்கு ஒன்றாக எழுதிய வெறும் உரைக்கோப்பு அது.

எம்பிஐ முறையில் வேலை பிரிவது அதைப் பார்த்துத்தான். இரண்டு செயலிகள் உள்ள இடத்தில் நான்கு என்று எழுதினால் அந்தப் பொறி திணறும். மற்றவை அதன் விடைக்காகக் கைகட்டி நிற்கும். பழுதான பொறியின் பெயரை நீக்க மறந்தால் வேலை தொடங்காது. நடுவில் ஒன்று விழுந்தால், இயல்பான அமைப்பில், முழுக் கணக்கும் நின்றுவிடும். வரிசையிலும் சூட்சுமம் உண்டு. ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டிய பங்குகளைத் தொலைவிலுள்ள பொறிகளுக்கு அளிப்பது, பந்தியில் பேச்சுத்துணையைப் பிரித்து உட்காரவைப்பது போல.

இன்று ஸ்லர்ம் போன்ற மென்பொருள்கள் இப்பட்டியலைத் தாமே ஆக்கித் தருகின்றன. நல்லதே. ஆயினும் நம் கல்லூரி மாணவர்கள் பழைய கணிப்பொறிகள் நாலைந்தை இணைத்து, ஒருமுறையேனும் இதைக் கையால் எழுதிப் பிழைசெய்ய வேண்டும் என்போம். எந்த வரியால் நின்றது என்று தேடும் அந்தப் பிற்பகலுக்கு ஆய்வக நேரத்தில் இடம் ஒதுக்கினால் போதும்.