ஏழை விடுதி இடுகாடுகளுக்கும் சட்டக் காப்பு வேண்டும்

அயர்லாந்தின் டூம் நகரில் 2025 ஜூலையில், புதைக்கப்பட்ட குழந்தைகளின் எச்சங்களைத் தேடும் அகழ்வுப் பணி தொடங்கியது. அங்கே கன்னியர் நடத்திய தாய்-சேய் இல்லத்தில், 1925 முதல் 1961 வரை இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லஸ் தேடி எடுத்திருக்காவிட்டால், இந்த அகழ்வும் இல்லை, அதற்கு வழிவிட்ட 2022 சட்டமும் இல்லை. அந்த இல்லம் இயங்கிய கட்டடம் அதற்கு முன்பு அரசின் ஏழை விடுதி. குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கும் நியாயம் அந்த விடுதிகளில் மாண்ட ஏழைகளுக்கும் கிடைத்தாக வேண்டும்.

1838-இல் வந்த ஏழைகள் சட்டத்தின் கீழ் அயர்லாந்து முழுவதும் முதலில் 130, பிறகு 163 நிர்வாக வட்டாரங்கள் அமைந்தன. வட்டாரத்துக்கு ஒரு விடுதி. கஞ்சிக்கு வழியில்லாதவர் உள்ளே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். வேறு போக்கிடம் இருப்பவர் எவரும் வந்துவிடக் கூடாது என்றே அப்படி வைத்தார்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதும் போக்கிடமற்றவர்கள் பெருகினார்கள். டைஃபஸ் காய்ச்சல், சீதபேதி, காலரா. அந்தப் பத்தாண்டில் இவ்விடுதிகளில் இறந்தோர் இரண்டு லட்சத்துக்கும் அதிகம்.

கில்கென்னி நகர விடுதியில் நடந்ததைப் பார்ப்போம். 1,300 பேருக்காகக் கட்டிய விடுதியில் அதைப்போல் மும்மடங்கினர் அடைந்துகிடந்தனர். ஊர் இடுகாடுகள் நிரம்பவே, 1847 முதல் 1851 வரை விடுதி வளாகத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். பிறகு எந்த அடையாளமும் இல்லாமல் மண் மூடிப்போயிற்று. வணிக வளாகம் கட்ட நிலத்தைச் சீர்செய்தபோதுதான், 2005-இல், எலும்புகள் வெளிவந்தன. 63 குழிகள், குறைந்தது 970 பேர், பாதிக்கும் மேல் குழந்தைகளும் பதின்வயதினரும். உருளைக்கிழங்கு போய் மக்காச்சோள மாவு வந்ததில் வைட்டமின் சி அற்றுப்போன தடம், ஸ்கர்வி நோயாகப் பாதிப் பேரின் எலும்பில் பதிந்திருந்தது. களிமண் சுங்கானைக் காலமெல்லாம் கடித்துக் கடித்துத் தேய்ந்த பள்ளம் சிலர் பற்களில் அப்படியே இருந்தது. பெரும்பாலோரைச் சவப்பெட்டியில் வைத்தே அடக்கம் செய்திருந்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் பெட்டிக்குச் செலவிட்ட நிர்வாகம், மேலே ஒரு கல்லை நட நினைக்கவில்லை.

170 ஆண்டுக்குப் பிறகு இதெல்லாம் எதற்கு, குடியிருக்க வீடு கிடைக்காமல் இளைஞர்கள் தவிக்கும் நாட்டில் கட்டுமானத்தை முடக்கலாமா என்று கேட்கிறார்கள். வீட்டுத் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் கில்கென்னியில் எதுவும் முடங்கவில்லை. எலும்புகளை முறையாக எடுத்து, ஆராய்ந்து, 2010-இல் நினைவுத் தோட்டம் அமைத்து மறு அடக்கம் செய்தார்கள். வணிக வளாகமும் எழுந்து இயங்குகிறது. எங்கே இடுகாடு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கட்டுபவருக்கும் காலமும் பணமும் மிச்சமாகியிருக்கும். தெரியாமல் இயந்திரத்தை இறக்குவதுதான் எல்லோருக்கும் நட்டம்.

எல்லா இடங்களையும் தோண்டச் சொல்லவில்லை. பல ஊர்களில் உள்ளூர் மக்களே கைக்காசு போட்டு வேலி கட்டி, சிலுவை நட்டு இந்த நிலங்களைக் காத்துவருகிறார்கள். அவர்களுடைய ஈடுபாட்டை மட்டும் நம்பி அரசு ஒதுங்கிக்கொள்வது முறையன்று. விடுதிகளைக் கட்டியது அரசின் சட்டம்; புதைக்க உத்தரவிட்டது அந்தச் சட்டம் அமைத்த நிர்வாகக் குழு. 1920-களில் விடுதி முறையைக் கலைத்த பிறகு பல கட்டடங்கள் மாவட்ட மருத்துவமனைகளாக மாறி அரசின் கையிலேயே தொடர்ந்தன.

ஆகவே ஒவ்வொரு விடுதியின் இடுகாட்டையும் அளந்து வரைபடமாக்கி, திட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடுகள் எஞ்சியிருக்கும் ஊர்களில் இறந்தவர் பெயர்களைக் கல்லில் பொறிக்க வேண்டும். நிர்வாகக் குழுக் கூட்டங்களின் குறிப்பேடுகள் பல மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இன்றும் இருக்கின்றன. வேலையை அங்கிருந்து தொடங்கலாம். செலவை மத்திய அரசு ஏற்க வேண்டும்.