கல்லுக்கு அவசரமில்லை

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பம் தையல் இயந்திரத்தையும் சமையல் அடுப்பையும் சைக்கிளையும் ஒரே கடையில் வாங்கியது. கடை இருந்தது சிகாகோவில். குடும்பத்தின் கையில் இருந்தது அதன் தடித்த விலைப் புத்தகம் மட்டும். சியர்ஸ் ரோபக் என்ற அந்தத் தபால்வழி வியாபார நிறுவனம் கல்லறைக் கற்களுக்கென்றே தனியாக ஒரு விலைப் புத்தகமும் அச்சிட்டது. கல் வெர்மான்ட் மாநிலத்துச் சலவைக்கல். பெயரையும் பிறந்த, இறந்த தேதிகளையும் எழுதிப் பணத்தோடு அனுப்பினால் போதும், எழுத்து வெட்டிய கல் ரயிலேறி வந்துவிடும். ஸ்டேஷனில் இறக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நட வேண்டியதுதான் பாக்கி.

ஏறக்குறைய அதே காலத்தில் கனெடிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து இன்னொரு நிறுவனம் துத்தநாகத்தில் வார்த்த நினைவுச் சின்னங்களை ஊர் ஊராக முகவர்களை அனுப்பி விற்றது. அதற்கு ‘வெள்ளை வெண்கலம்’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். வெண்கலம் அதில் மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் இன்றைக்கும் பல கல்லறைத் தோட்டங்களில் அவை எழுத்து மழுங்காமல் நிற்கின்றன. பக்கத்தில் உள்ள சலவைக்கற்களில் பெயரையே படிக்க முடிவதில்லை.

இன்று இணையம் வந்த பிறகு இது இன்னும் எளிதாகியிருக்க வேண்டும். கல்லை எங்கிருந்தும் வாங்கலாம் என்பது ஏட்டளவில் உண்மையும்கூட. ஆனால் துக்க வீட்டார் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் போய் உட்காரும்போது நடப்பது வேறு. இடத்துக்கு விலை, குழி வெட்டி மூடக் கூலி, மண் சரியாமல் இருக்கப் பெட்டியைச் சுற்றி இறக்கும் கான்கிரீட் உறை என்று கணக்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ஆல்பம் திறக்கப்படுகிறது. அதில் கற்கள். அழுது களைத்த ஒருவர் ஏதோ ஒரு படத்தில் விரலை வைக்கிறார். வேறு எங்காவது விசாரித்துப் பார்க்கலாம் என்று அந்த அறையில் அவருக்குச் சொல்ல யாருக்கும் காரணமில்லை.

அமெரிக்க இறுதிச்சடங்கு நடத்துநர்களின் தேசியச் சங்கம் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, உடலைப் பார்வைக்கு வைத்துப் புதைக்கும் ஒரு சடங்கின் இடைநிலைச் செலவு 8,300 டாலர். இதில் கல்லறைக்கான இடமும் இல்லை, கல்லும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறப்பு தொடர்பாக ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களிலேயே அவசரம் இல்லாதது கல் ஒன்றுதான். சவப்பெட்டி நாளைக்கே வேண்டும். குழி மறுநாள் வேண்டும். கல்லோ, மண் அமரும்வரை நடப்படாமல் இருப்பதே நல்லது; புதிதாக மூடிய குழியின் மேல் நட்ட கல் சாயும். பல குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. யூதர்களிடையே இறந்து ஓராண்டுக்குள் கல்லைத் திறந்து வைப்பது வழக்கம். அதுவரை பொறுத்திருப்பதில் அவர்களுக்கு எந்தக் குறையும் தோன்றுவதில்லை. நான்கு இடத்தில் விலை கேட்கவும், கல்லைத் தொட்டுப் பார்க்கவும், என்ன எழுதுவது என்று உடன்பிறந்தவர்கள் சண்டை போட்டு ஓயவும் தாராளமாக நேரம் இருக்கிறது. வாங்குபவர் அந்த நேரத்தை முதல் நாளிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார் என்பதில்தான் விற்பவரின் லாபம்.

அமெரிக்கச் சட்டமும் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. ஃபெடரல் டிரேட் கமிஷன் 1984இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இறுதிச்சடங்கு விதி, சடங்கு நிலையங்கள் பொருளுக்குப் பொருள் விலை எழுதிய பட்டியலை வாடிக்கையாளர் கையில் கொடுத்தாக வேண்டும் என்றது. பெட்டியை வெளியே வாங்கி வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில நிலையங்கள் வெளியிலிருந்து வரும் பெட்டிக்கு ‘கையாளும் கட்டணம்’ போட்டுப் பார்த்தன. 1994இல் அதற்கும் தடை வந்தது. காஸ்ட்கோ 2004இலும் வால்மார்ட் 2009இலும் சவப்பெட்டி விற்க இறங்கியதற்கு இந்த விதி விட்ட வழியே துணை. லூசியானாவில் புனித யோசேப்பு மடத்துத் துறவிகள், கத்ரீனா புயலுக்குப் பிறகு மரப்பெட்டி செய்து விற்கத் தொடங்கினார்கள். உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்று மாநில வாரியம் தடுத்தது. துறவிகள் வழக்குப் போட்டு 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள்.

இவ்வளவும் பெட்டிக்கு. கல்லறைத் தோட்டம் மட்டும் நடத்துபவரை அந்த விதி தொடவே இல்லை. 2008இல் மறுபரிசீலனை நடந்தபோது தோட்டங்களுக்கும் விதியை விரிக்கக் கேட்டார்கள், ஆணையம் மறுத்துவிட்டது. யோசிக்க நேரமே இல்லாத பொருளுக்குப் பாதுகாப்பு தந்தது சரிதான். யோசிக்க நேரம் இருக்கும் பொருளுக்குப் போட்டியை உறுதிசெய்வது அதைவிட எளிது, பலனும் அதிகம். அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

தோட்டக்காரர் கல் வியாபாரத்துக்கு வந்த கதைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கிளெண்டேல் போக வேண்டும். 1906இல் தொடங்கிய ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தின் பொறுப்பை 1917இல் ஹியூபர்ட் ஈட்டன் ஏற்றார். நிமிர்ந்து நிற்கும் கற்கள் சோகத்தைக் கிளறுகின்றன என்பது அவர் எண்ணம். கற்களுக்குப் பதிலாகப் புல்வெளி, சிலைகள், தரையோடு தரையாகப் பதித்த வெண்கலத் தகடுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. புல் வெட்டும் இயந்திரம் தகடுகள் மேலேயே தடையின்றி ஓடியது என்பது அதைவிட முக்கியம். நாடெங்கும் ‘நினைவுப் பூங்கா’க்கள் இதே பாணியைப் பின்பற்றின. இங்கே வெண்கலத் தகடு மட்டும்தான், இந்த அளவுதான் என்று விதி போட்டவுடன் ஊர்க் கல்தச்சருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. அளவையும் உலோகத்தையும் தீர்மானிப்பவரே தகட்டையும் விற்றால் போட்டி எங்கிருந்து வரும்? இந்தத் தொழிலை மொத்தமாகத் தோலுரித்து ஜெசிகா மிட்ஃபோர்ட் எழுதிய புத்தகம் 1963இல் வந்து பரபரப்பாக விற்றது. ஆனால் அதன் பிறகு எழுந்த கோபம் பெரும்பாலும் சடங்கு நிலையங்கள் மீதே பாய்ந்தது.

நீதிமன்றங்கள் இதைப் பார்க்காமல் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில் ரோஸ்ப்ரோ என்ற கல் நிறுவனம் தொடுத்த வழக்கில், கல்லுக்கான அஸ்திவாரத்தைத் தாங்கள் மட்டுமே போடுவோம் என்று தோட்டங்கள் பிடித்த பிடிவாதம் ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்துக்கு விரோதம் என்று எட்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் உள்ளே இருக்கும் தர்க்கம் எளிமையானது. ஒவ்வொரு கல்லறை இடமும் வேறு எதற்கும் ஈடாகாது. தகப்பனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தாயைப் புதைக்க முடியும். அப்படி ஈடில்லாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றையும் என்னிடமே வாங்கு என்று சொல்வது கட்டாய விற்பனை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போர்ட்லாந்துத் தோட்டங்கள் மீதான வழக்கில் ஒன்பதாவது நீதிமன்றமும் இதே பாதையில் போயிருந்தது.

ஆனால் ஒரு கல் விற்பவர் வழக்கு நடத்தலாம். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த மகள் நடத்த முடியாது. கல்லை வெளியே வாங்காதே என்று இப்போது வெளிப்படையாகச் சொல்பவர்கள் குறைவு. சொல்லவும் தேவையில்லை. வாசலில் கட்டணங்கள் காத்திருக்கின்றன: நடும் கட்டணம், ஆய்வுக் கட்டணம், அஸ்திவாரக் கட்டணம், நிரந்தரப் பராமரிப்புக்கு ஒரு தொகை. சில இடங்களில் கல்லின் பரப்பைச் சதுர அங்குலத்தில் அளந்து, அங்குலத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வெளிக்கடையில் மிச்சம் பிடித்த பணம் நூறடி தூரத்தில் கரைந்துவிடுகிறது.

தோட்டக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. குளிர் மிகுந்த மாநிலங்களில் நிலத்தின் ஈரம் உறைந்து மண்ணை உப்ப வைக்கும். ஆழமாக அஸ்திவாரம் போடாத கல் சில பருவங்களில் சரிந்து யார் காலிலாவது விழும். பழி தோட்டத்தின் மீது வரும். ஆகவே அளவு, கனம், அஸ்திவார ஆழம் இவற்றுக்கு விதி இருப்பது அவசியம். அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா, தோட்டத்தில் வாங்கிய கல்லுக்கும் அதே கட்டணம் உண்டா என்பதுதான் கேள்வி.

கல் வியாபாரிகளையும் தியாகிகளாக்கிவிட வேண்டாம். நியூ ஜெர்சியில் நேவார்க் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம், பராமரிப்பும் சேர்த்த ஒரு திட்டத்தில் தன் தோட்டங்களில் தானே கல் வழங்கத் தொடங்கியது. கல் வியாபாரிகள் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. தோற்றவர்கள் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். மத நிறுவனங்களின் கல்லறைத் தோட்டங்கள் கல் விற்கவே கூடாது என்ற சட்டத்தில் 2015 மார்ச்சில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி கையெழுத்திட்டார். தோட்டத்தின் ஏகபோகத்தை உடைப்பதற்குப் பதில், வியாபாரிகளுக்கு வேலி போட்டுக் கொடுத்த சட்டம் இது. தோட்டத்திலேயே வாங்கி அலைச்சலை மிச்சப்படுத்த நினைக்கும் முதியவரின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

சரி, அந்தக் கல் எங்கிருந்து வருகிறது? ஜார்ஜியாவில் எல்பர்டன், வெர்மான்ட்டில் பேரி என்று அமெரிக்காவுக்கே பெயர் பெற்ற கிரானைட் ஊர்கள் உண்டு. பேரியின் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் கல்தச்சர்கள் தங்கள் கல்லறைகளையே கலைக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் பளபளக்கும் கறுப்புக் கல் வேண்டுமென்றால் அது தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்ததாக இருக்கலாம். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு உலகக் கல்லறைச் சந்தையில் பெயர் சொன்னால் தெரியும் சரக்கு. தென்னிந்தியக் கிரானைட் குவாரிகளில் முன்பணக் கடனில் சிக்கிய தொழிலாளர்கள் இருப்பதை நெதர்லாந்து இந்தியக் குழு 2017இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. ஆல்பத்தைக் காட்டி விற்கும் இடத்தில் எந்தக் குவாரி என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது அரிது. கல்லைத் தானே தேடி வாங்கும் குடும்பத்துக்காவது அப்படிக் கேட்க வாய்ப்பு இருக்கிறது.

தேடி வாங்குவதிலும் வழுக்கல்கள் உண்டு. விதிகளை எழுத்தில் வாங்காமல் இணையத்தில் பணம் கட்டியவர்கள், ஓர் அங்குலம் அதிகமாக இருந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட கல்லை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு விழிக்க நேரும். லாரிக்காரர் தெருவோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். இரண்டடிக்கு ஓரடி, நான்கு அங்குல கனமுள்ள சின்னப் பலகைக்கல்லே ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். எழுத்துகள் இப்போது ரப்பர் அச்சு ஒட்டி மணலை வேகமாகப் பீய்ச்சி வெட்டப்படுகின்றன. மாதிரிப் படத்தை வரிக்கு வரி சரிபார்க்காமல் ஒப்புதல் கொடுத்தால் பிழை காலத்துக்கும் நிற்கும். தமிழில் பெயர் வெட்டச் சொல்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்: எழுத்துரு ஒத்துப்போகாத கணினியில் கொம்பு ஒருபுறமும் கால் மறுபுறமும் சிதறும். வெட்டுபவருக்கு அது பிழை என்றே தெரியாது. தம்பதியர் கல்லானால், இரண்டாவது தேதியைப் பின்னொரு நாள் அங்கேயே வந்து வெட்டித் தரும் உள்ளூர்க் கடைக்காரர், சற்றுக் கூடுதல் விலைக்கும் தகுந்தவர்.

வாங்குபவர் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், வாசல் கட்டணம் மட்டும் அவர் கையில் இல்லை. பெட்டிக்குச் செய்ததைக் கல்லுக்கும் செய்ய ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. இடத்தை விற்கும் முன்பே கல் விதிகளும் நடும் கட்டணமும் எழுத்தில் தரப்பட வேண்டும். கல் யார் கடையில் வாங்கியது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறக் கூடாது. 2022இல் ஆணையம் விதியை மீண்டும் கையில் எடுத்து, விலைகளை இணையத்தில் போட வைக்கலாமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அப்போதும் பேச்சு சடங்கு நிலையங்களின் பட்டியலைச் சுற்றியே ஓடியது.

இந்த வேடிக்கையை அமெரிக்க அரசாங்கமே அனுபவிக்கிறது. தகுதியுள்ள முன்னாள் படைவீரர்களுக்கு முன்னாள் படைவீரர் துறை இலவசமாகக் கல்லறைக் கல் தருகிறது. உலகில் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருந்தாலும் அனுப்பி வைக்கும். 42 அங்குல உயரம், 13 அங்குல அகலம், 4 அங்குல கனம், எடை ஏறத்தாழ 104 கிலோ. சலவைக்கல்லுக்கும் எழுத்துக்கும் லாரி வாடகைக்கும் அரசே பணம் கட்டுகிறது. தனியார் தோட்டத்தில் அதை நடும் செலவு மட்டும் குடும்பத்தின் தலையில். அது எவ்வளவு என்று தெரிய, அந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.