ஏழு வட்டிக்குப் பதினைந்து வருடமா?

"ஏனுங்க, ஏழு வட்டிக்குப் பதினஞ்சு வருசம் பணத்தக் கட்டிப் போடறதுங்களா?" சோமனூர் தறிக்குடோனிலும் கணபதி லேத் பட்டறையிலும் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) பேச்சை எடுத்தால் உடனே வரும் கேள்வி இது. வட்டி குறைந்த காலத்தில் வரியில்லாச் சேமிப்பு வீண் என்பது கோவைப் பக்கம் வேரூன்றிவிட்ட எண்ணம். சொந்தத் தொழில் செய்பவர்கள் அப்படி நினைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

முதலில் வட்டி. 1986 முதல் 1999 வரை 12 விழுக்காடு கிடைத்தது. 2020 ஏப்ரலில் அது 7.1 ஆனது. பழைய காலத்தை எண்ணிப் பெருமூச்சு விடுபவர்கள் 1991ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு விலைவாசி 13 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. பன்னிரண்டு வாங்கியும் பணம் தேய்ந்தது. இனி 2020ஐப் பாருங்கள். ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4க்கு இறக்கியபோது ஸ்டேட் வங்கியில் ஐந்தாண்டு வைப்புக்கே 5.4தான். 30 விழுக்காடு வரி கட்டுபவருக்கு செஸ்ஸும் போக மிஞ்சியது 3.7. பி.பி.எஃப்.பில் 7.1 முழுதாக நின்றது. அவர் வங்கியில் 10.3 வாங்கினால்தான் இதற்கு ஈடாகும். வட்டி இறங்கிய காலத்தில்தான் இந்தக் கணக்கின் மதிப்பு ஏறியது. 2023இல் ரெப்போ 6.5க்குப் போனபோதும் 7.1 அசையவில்லை என்ற குறை நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன்.

புது வரிமுறையில் 80சி கழிவு இல்லையே என்பார்கள். இல்லைதான். போனது கட்டும் பணத்துக்கான கழிவு மட்டுமே; வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் இன்றும் வரி கிடையாது. ஆண்டு வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்து வரியே கட்டாதவருக்கு இப்போதைக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் பதினைந்து வருடமும் அவர் வருமானம் அங்கேயே நிற்கப் போகிறதா?

பணம் முடங்கும் என்பது பாதி உண்மை. மூன்றாம் ஆண்டிலிருந்து கடன் வாங்கலாம், ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம்.

"வெளியே விட்டால் மாசம் நூத்துக்கு ரெண்டு வருமே" என்ற வாதம்தான் நம் ஊரை அதிகம் அழ வைத்தது. 2009இல் திருப்பூர் பாசி நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாயை விழுங்கியது. நடத்தியவர்களுக்கு 27 ஆண்டுச் சிறை என்று கோவை நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2022 ஆகிவிட்டது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியை நம்பிப் பணத்தை இழந்தவர்களின் கதையை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பேச்சில் யாரும் தொடாத ஒன்று உண்டு. தறியோ, ஃபவுண்டரியோ, பம்பு யூனிட்டோ, பெரும்பாலும் ஒருவர் பெயரில் நடப்பவை. தொழில் நொடித்தால் வீடு, தோட்டம், வங்கி வைப்பு எல்லாவற்றின்மீதும் கடன்காரர் கை வைக்கலாம். பி.பி.எஃப். பணத்தைக் கடனுக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. திட்ட விதியே அப்படிச் சொல்கிறது. வருமான வரிப் பாக்கிக்கு மட்டும் இந்தக் காப்பு செல்லாது. வேலையாளுக்கு மாதாமாதம் பி.எஃப். கட்டுகிற முதலாளி தன் முதுமைக்கென்று ஒரு ரூபாய்கூட ஒதுக்காமல் எல்லாவற்றையும் மெஷினில் போடுகிறார். நூல் விலையில் ஒரு வருடம் அடி வாங்கினால் அவரைவிட அந்த வேலையாளின் நிலை மேல்.

அதிக வட்டிக் கடன் இருப்பவர் முதலில் அதை அடைக்கட்டும். மற்றவர்கள் வருடம் 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். 7.1 இப்படியே நீடித்தால், ஒவ்வொரு ஏப்ரலிலும் கட்டும் ஒன்றரை லட்சம் பதினைந்து ஆண்டில் சுமார் 40 லட்சத்து 68 ஆயிரம் ஆகும். அதில் 18 லட்சத்துக்கு மேல் வட்டி. பணத்தை ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். 6ஆம் தேதி கட்டினால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடைக்காது.