எம்.பி.ஏ. படிக்கிறான் எங்க பையன்!

போன சனிக்கிழமை பிச்சாவரம் போயிருந்தோம். 'சிதம்பரத்துல இன்ஜினீயரிங் படிக்கிற பசங்க வேற எங்க போவீங்க?'னு முணுமுணுக்காதீங்க. இந்தத் தடவை நாங்க போனது ஒருத்தருக்குத் துணைக்கு. எங்க ஹாஸ்டல் சீனியர். ட்ரிபிள் ஈ முடிச்சுட்டு, இப்போ புதுச்சேரி பல்கலைக்கழகத்துல எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர்.

அந்த எம்.பி.ஏ.வுலதான் மேட்டரே இருக்கு. மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ். அதாவது, நாடகப் படிப்பு! நம்ம தமிழ்ல ரெண்டு 'பி'க்கும் ஒரே எழுத்துதானே? அண்ணன் வீட்டுல "எம்.பி.ஏ. கிடைச்சிருச்சு"ன்னு சொன்னார். அம்மா தெரு முழுக்க சர்க்கரை கொடுத்துட்டாங்க. அப்புறம் எப்படி வாயைத் திறக்கிறது? அப்பா பிச்சாவரத்துல துடுப்புப் படகு ஓட்டுறவர். இன்ஜினீயரிங்குக்கு வாங்கின லோனே இன்னும் பாக்கி. "அடுத்த லீவுல சொல்லிடறேன்டா"ன்னே ஒன்றரை வருஷம் ஓடிருச்சு.

அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கறாங்கன்னு கேட்டேன். வசனத்தை மனப்பாடம் பண்ணி, அழுது, சிரிச்சுக் காட்டணும், அவ்வளவுதானேன்னு நினைச்சிருந்தேன். முதல் ரெண்டு நாளும் வெறும் 'நட'ன்னுதான் சொன்னாங்களாம். நடந்திருக்கார். "எதுக்கு இப்படித் தோளைத் தூக்கிட்டு நடக்கறே?"ன்னு கேட்டாங்களாம். இருபத்திரண்டு வருஷமா அப்படி நடக்கறதே அண்ணனுக்கு அப்பத்தான் தெரிஞ்சதாம். காலையில உடற்பயிற்சி, குரல் பயிற்சி, அப்புறம் கிரேக்க நாடகம், தெருக்கூத்துன்னு தியரி. சாயங்காலம் ரிகர்சல் ஆரம்பிச்சா எப்ப முடியும்னு யாருக்கும் தெரியாது. கட் அடிக்கவே முடியாதாம். நீங்க வரலைன்னா எதிர்ல நிக்கிறவன் யார்கிட்ட வசனம் பேசுவான்?

நம்ம படிப்பும் வீணாகலை! மேடை லைட்டிங் டிபார்ட்மென்ட் முழுக்க அண்ணன் கையில. 1,000 வாட் விளக்கு 12-ஐ ஒரே ஃபேஸ்ல மாட்டப் பார்த்திருக்காங்க. அண்ணன் கணக்குப் போட்டு, "52 ஆம்பியர் இழுக்கும், பிரிச்சு மாட்டுங்க"ன்னு அலறியிருக்கார். நாலு வருஷத்துல படிச்சது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் உதவுச்சுன்னு அவரே சொல்லிச் சிரிச்சார்.

அந்த இடத்தைப் பத்தியும் சொல்லணும். சங்கரதாஸ் சுவாமிகள் பேர்ல தொடங்கின நிகழ்கலைப் பள்ளி அது. அவர் 1922-ல் காலமானது புதுச்சேரியிலதான். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி இயக்குநரா இருந்த இடம். 'பலி ஆடுகள்' எழுதின கே.ஏ.குணசேகரன் பேராசிரியரா இருந்த இடம். அண்ணன் கடைசி செமஸ்டருக்கு இயக்கப்போறது இந்திரா பார்த்தசாரதியோட 'நந்தன் கதை'. தில்லையைப் பார்க்கணும்னு ஆசைப்பட்ட நந்தனைத் தீயில இறக்கினது பக்தியா, சூழ்ச்சியான்னு கேட்கிற நாடகம். நம்ம சிதம்பரம் கதை!

"நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன்"னு சொல்லிட்டே இருந்ததால நந்தனாருக்குத் திருநாளைப்போவார்னு பேர். எங்க ஹாஸ்டல்ல அண்ணனுக்கு நாங்க வச்ச பேர், 'திருநாளைச்சொல்வார்'.

சரி, பிச்சாவரத்துக்கு வருவோம். நாடகத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்து முதல் வரிசையில உட்காரணும்னு அண்ணனுக்கு ஆசை. அதுக்கு உண்மையைச் சொல்லியாகணும். தனியா சொல்ல பயம். அதான் நாங்க ரெண்டு பேர் துணைக்கு! அவங்க அப்பா படகுலயே ஏறினோம். சுரபுன்னை வேரெல்லாம் தண்ணிக்குள்ள கால் ஊன்றி நிக்குது. கிளைங்க தலைக்கு மேல கூரை மாதிரி. ஒரு மரத்தைத் தொடப் போனேன். "தம்பி, அது தில்லை. பாலு கண்ணுல பட்டா அவ்வளவுதான்"னார் அப்பா. ஊருக்கே பேர் கொடுத்த மரம், தொடக்கூடாதாம்!

குறுகலான வாய்க்காலுக்குள்ள படகு நுழைஞ்சதும் நான் அண்ணனை இடிச்சேன். அவர் தொண்டையைச் செருமினார். குரல் பயிற்சியில ஹாலோட கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுற ஆளுக்கு, மூணடி தூரத்துல இருக்கிற அப்பாகிட்ட சத்தமே வரலை.

"அப்பா, நான் படிக்கிறது... நீங்க நினைக்கிற எம்.பி.ஏ. இல்லப்பா."

துடுப்பு நிக்கலை.

"தெரியும்டா."

எங்க மூணு பேருக்கும் மூச்சே நின்னுருச்சு.

"போன தைக்கு அரிசி மூட்டை கொண்டாந்தேனே, அப்ப கேட்ல உன் பேரைச் சொன்னேன். 'சங்கரதாஸ் சுவாமிகள் டிபார்ட்மென்ட்டா'ன்னு கேட்டாரு அந்த ஆளு. வள்ளித் திருமணம் எழுதினவரு பேருல எவன்டா கணக்கு வழக்கு சொல்லித்தருவான்?"

"ஏம்ப்பா ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம் மட்டும்தான். அப்புறம், "இதுக்கு மாசச் சம்பளம் உண்டா?"ன்னார்.

அண்ணன் மறைக்கலை. சில ஸ்கூல்ல நாடக ஆசிரியர் வேலை இருக்கு, லைட்டிங் வேலைக்குக் கூப்பிடறாங்க, பாதிப் பேருக்கு ரொம்ப நாள் எதுவும் அமையாதுன்னு உள்ளதைச் சொன்னார். அப்பா தலையாட்டினார். சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. லோன் யார் கட்டுறதுன்னு மட்டும் கேட்டார். "நான்தான்"னார் அண்ணன். "எதை வச்சு?"ன்னார். அதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் இல்லை. தேர்ட் இயர் படிக்கிற, ரெண்டு அரியர் வச்சிருக்கிற எனக்கும் அந்தக் கேள்வி லேசா வலிச்சுது.

கரையில இறங்கும்போது அப்பா கேட்டார்: "நாடகம் என்னிக்கு?"

தேதியைச் சொன்னார் அண்ணன்.

"வர்றேன். உங்கம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லிக்க. என்னை இழுக்காத."

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த இதழ் அவங்க தெருக் கடையில தொங்கறதுக்குள்ள சொல்லிடறேன்னு அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கார். எப்போன்னு கேட்டேன்.

"நாளைக்கு"ங்கிறார்!