கடல் கடந்த ‘கூலி’

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல்லுக்காக எவரும் அகராதியைத் தேடி ஓட வேண்டியதில்லை. போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன் எந்தத் தெருமுனையில் நின்றாலும் அது காதில் விழும். தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் தாளும் கையிலேந்தி, ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் தாய்மார், ‘அங்கே கூலி எவ்வளவு?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனரே, அந்தக் கூலிதான். ஆனால் அவர்கள் சொல்லும் கூலி வேறு, ஆங்கில அகராதியில் குடியிருக்கும் ‘கூலி’ வேறு. ஒலி ஏறக்குறைய ஒன்றே, பொருள்தான் பிறழ்ந்துவிட்டது.

தமிழில் கூலி என்பது ஆள் அன்று. உழைத்தவர் கைக்கு வந்து சேரும் ஊதியம். வள்ளுவர் ‘ஆள்வினையுடைமை’ அதிகாரத்தில், 619ஆம் குறளில், உடலை வருத்தி உழைத்ததற்குரிய பலனையே இச்சொல்லால் குறிக்கிறார். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி உழைப்புக்குரிய கூலியைத் தந்தே தீரும் என்பது அவர் கருத்து. தெய்வத்தையும் கூலியையும் ஒரே குறளில் நிறுத்திய அவருடைய துணிவை நாம் பலமுறை வியந்ததுண்டு. ஆளைக் குறிக்க வேண்டுமானால் ‘கூலியாள்’, ‘கூலிக்காரர்’ என்று இன்னொரு சொல்லையோ விகுதியையோ சேர்ப்பதே தமிழ் மரபு.

ஆங்கிலேயர் இச்சொல்லை எங்கிருந்து பெற்றனர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்ற புகழ்பெற்ற அகராதி, குஜராத்துப் பக்கத்துக் கோலி இனத்தாரின் பெயரையும் சொல்கிறது. நம் தமிழ்ச் சொல்லையும் சொல்கிறது. இரண்டும் கலந்திருக்கலாம். எப்படியாயினும், ஆங்கிலத்துக்குள் நுழைந்தபின் அது ஊதியத்தை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்துக்கொண்டது. மாதச் சம்பளத்துக்கு ஆங்கிலத்தில் ‘சாலரி’ என்று பெயர். உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்ற இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மாதச் சம்பளம் வாங்கும் எவரையாவது ‘அதோ ஒரு சாலரி போகிறது’ என்று யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? நாட்கூலி வாங்கியவருக்குத்தான் அந்த விதி வாய்த்தது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 முதல் மொரீஷியசுக்கும், 1860-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேறினர். நேட்டாலுக்கு முதலில் சென்ற ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்தே புறப்பட்டது. சீனத் தொழிலாளருக்கும் இதே பெயரைச் சூட்டினர். கூலி வாங்கச் சென்றவர்கள் ‘கூலி’ ஆயினர்.

காந்தியடிகள் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றபோது வழக்கறிஞர் பட்டமும் அவரைக் காக்கவில்லை. ‘கூலி பாரிஸ்டர்’ என்றே அழைக்கப்பட்டார். இந்தியரை அங்கே ‘சாமி’ என்றும் இகழ்ச்சியாக அழைத்தனர். நம்மவர் பெயர்களின் ஈற்றிலிருந்து எடுத்த சொல் அது. சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லவே என்று சாதுரியமுள்ள இந்தியர் சிலர் திருப்பிச் சொல்வார்களாம். இதை அவரே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். நாள்தோறும் ‘சாமி’ என்று அழைக்கப்படும் நமக்கு இதைப் படிக்கையில் சிரிப்பும் வந்தது, சற்றே சங்கடமும் வந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். பிளஸ் டூ முடித்த நம் பங்குப் பெண்ணொருத்தி கல்லூரி விண்ணப்பத்தை நம்மிடம் காட்ட வந்தாள். தாயாரின் தொழில் கேட்ட இடம் மட்டும் வெறுமையாயிருந்தது. முந்தைய தாள்களிலெல்லாம் ‘கூலி’ என்றே இருந்ததாம். “அகராதியில் பார்த்தேன் சாமி. தேர்ச்சியில்லாத வேலைக்காரர், இழிவான சொல் என்று போட்டிருக்கிறது. அம்மாவை அப்படி எழுத மனசு வரவில்லை” என்றாள்.

இழிவான சொல் என்று அகராதி எச்சரிப்பது சரியே. தேர்ச்சியில்லாதவர் என்பதுதான் நமக்கு ஒப்பவில்லை. ஏலச்செடியில் காய் கிளையில் தொங்குவதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்க்கிறது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்தே இருக்கும். உள்ளே விதை கறுத்து, வெளியே தோல் பச்சை மாறாத காயை மட்டும், பக்கத்துப் பிஞ்சு உதிராமல் குனிந்து எடுக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். பிஞ்சைப் பறித்துவிட்டால் அதுவும் சுருங்கிவிடும். இங்கே போடியில் உட்கார்ந்து காயைத் தரம் பிரிக்கும் பெண்களின் கண்ணை நம்பியே சரக்கு ஏல மையத்துக்குப் போகிறது. எழுதிவைத்தவர் ஒரு நாள் மழையில் சரத்துக்கு முன் குந்தியிருந்தால் வேறு சொல் தேடியிருப்பார்.

ஆகவே, வழக்கைச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் எவரையும் ‘கூலி’ என்று எழுதவும் வேண்டாம், அழைக்கவும் வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்பவர் ‘பிளான்டேஷன் வொர்க்கர்’. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே ‘வொர்க்கர்’ என்ற சொல்லைத்தான் ஆண்டது. 1981-இல் திருத்தியபோது ஏலத்தோட்டமும் அதில் சேர்ந்தது. வயல்வேலை செய்பவர் ‘அக்ரிகல்சுரல் லேபரர்’. நாட்கூலியைச் சொல்ல ‘டெய்லி வேஜ்’ இருக்கிறது. தமிழ்ப் படிவமானால் ‘தோட்டத் தொழிலாளி’ என்று எழுதலாம். அந்தப் பெண்ணும் ‘கார்டமம் பிளான்டேஷன் வொர்க்கர்’ என்று எழுதி எடுத்துச் சென்றாள். இரயில் நிலையங்களில் சுமை தூக்குவோரை இனி ‘சகாயக்’ என்று அழைப்பதாக 2016-இல் இரயில்வே நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2025-இல் வந்த திரைப்படத்துக்குக் ‘கூலி’ என்று பெயரிட்டபோது கொட்டகைகளில் கைதட்டினார்கள். திரையில் தட்டலாம், விண்ணப்பத்தில் அதைப் படிப்பவர் கைதட்டப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் திரும்பியவர்கள். அவர்களுடைய பழைய தாள்கள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். ‘கூலி’ என்று அச்சிட்டிருக்கிறதே என்று அவற்றைக் கிழித்துவிட வேண்டாம். தாத்தாவின் பெயரும், அவர் புறப்பட்ட ஊரும், நாளும் வேறெங்கும் எழுதப்படாமல் அந்தத் தாளில் மட்டுமே இருக்கக்கூடும்.